அதே ஹீட்டரை மறுபடி பூட்டினாயாமே

மகனே,

போன வெள்ளிக்கிழமை போனில் நீ இரண்டு விஷயம் சொன்னாய். முதலாவது, "கல்யாணத்துக்கு நீங்க மட்டும் வாங்கம்மா. வாணியக் கூட்டிட்டு வந்துறாதீங்க. பொண்ணு வீட்டுக்காரங்க முன்னாடி எனக்குச் சங்கடம்." நீ அப்படிக் கேட்பாய் என்று எதிர்பார்த்துத்தான் இருந்தேன். இரண்டாவதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. புது மாப்பிள்ளைக்குரிய சந்தோஷத்தில், "பாத்ரூமுக்குப் புதுசா டைல்ஸ் ஒட்டியாச்சும்மா, அந்த ஹீட்டரயும் தொடச்சு செவத்துல மறுபடி பூட்டிட்டேன், நல்ல சாமான், சும்மாதானே கெடந்துச்சு" என்றாய். பேச்சு அத்தோடு அறுந்துபோனது. சிக்னல் இல்லை என்று நினைத்திருப்பாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. நான்தான் வைத்தேன்.

பேச்சில் உன்னை ஜெயிக்க எனக்கு வராது. நீ பதுளையில் தண்ணீர்த் தாங்கியும் மோட்டாரும் பைப்பும் விற்கிற கடையில் மனேஜர். வந்தவர் கேள்வியை முடிப்பதற்குள் பதில் சொல்லிப் பழகியவன். நான் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் விட்டுப்போன குழந்தைகளைப் பார்த்துப் பார்த்தே கிழவியானவள். என் பேச்சைக் கேட்டவர்கள் எல்லாரும் பேசத் தெரியாதவர்கள். அதனால் எழுதுகிறேன். கவரை ஒட்டப் போவதில்லை. யார் கையில் கிடைத்தாலும் படிக்கட்டும். நீ படி, உன் கடையில் வேலை செய்கிறவர்கள் படிக்கட்டும், உனக்குப் பெண் கொடுக்கிறவர்கள் படிக்கட்டும். நீ தாலி கட்டிய வாணி மட்டும் படிக்க மாட்டாள். அவளுக்கு எழுத்து போய்விட்டது.

முதலில் உனக்குச் சேர வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஹீட்டரை நீ அவள் மேலிருந்த ஆசையில்தான் வாங்கினாய். ஸ்பிரிங்வெளிக்கு ஏறுகிற பாதையில் நீ வீடு கட்டி, அவளைக் கல்யாணம் பண்ணிக் கூட்டிவந்த முதல் மழைக்காலம் அது. அவள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். விடிவதற்கு முன் குளித்துவிட்டு முதல் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். தாங்கித் தண்ணீர் ஐஸாக இருக்கும். குளித்து வந்து சேலை மடிப்பு வைக்கும்போது அவள் விரல் மடங்காது. நீ அதைப் பார்த்துக்கொண்டே இருந்து, ஒருநாள் கடையிலிருந்து பெட்டியோடு வந்தாய். சிலிண்டரை வெளியே வைத்து, ஹீட்டரைக் குளியலறைச் சுவரில் பூட்டி, அதன் தலையிலிருந்து ஒரு தகரக் குழாயைச் சுவர் வழியாக வெளியே விட்டாய். "இது எதுக்குப்பா?" என்று கேட்டேன். "இது இல்லன்னா உள்ள காத்து கெட்டுப்போகும்மா. காஸ் எரிஞ்ச புகை இது வழியாத்தான் வெளிய போவும். மேல இருக்கிற அந்த ஜன்னலயும் மூடக் கூடாது" என்றாய். இதை நன்றாக நினைத்துப் பார். எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவன் நீ. தெரியாமல் நடந்தது என்று நீ ஊரெல்லாம் சொல்லலாம். என்னிடம் சொல்ல முடியாது.

அன்று வாணி முதல் தடவை சுடுதண்ணீரில் குளித்துவிட்டு வந்து, தலையில் துண்டோடு, "அத்த, எனக்கு உள்ளேயே படுத்துத் தூங்கிறலாம் போல இருந்துச்சு" என்று சிரித்தாள். நீயும் சிரித்தாய். உன்னை அப்படி ஒரு மனிதனாக நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

பிறகு நாட்டில் காஸ் இல்லாமல் போனது. நினைவிருக்கும். வெறும் சிலிண்டர்களை ரோட்டில் வரிசையாக வைத்துவிட்டு சனம் வெயிலில் நின்றது. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் எல்லாருக்கும் விறகுதான், எங்களுக்கு அது ஒரு செய்தி மட்டும். உனக்கு அது வியாதியாகப் பிடித்தது. தட்டுப்பாடு தீர்ந்து, கடைகளில் சிலிண்டர் கிடைக்கத் தொடங்கிய பிறகும் உன் வியாதி தீரவில்லை. போனில் வீடியோ பார்ப்பதும், ஹீட்டரைக் கழற்றுவதும், திருகுவதும், சிலிண்டரைத் தூக்கி ஆட்டிப் பார்ப்பதுமாக இருந்தாய். நான் வந்து தங்குகிற நாட்களிலெல்லாம் உன் வாயில் ஒரே பேச்சுதான். "சூடு வீணாப் போவுதும்மா. வெளிய கையை வச்சுப் பாருங்க, எப்படிச் சுடுதுன்னு. காஸ் எரிச்சு ஆகாசத்துக்குச் சூடு காட்டிட்டு இருக்கோம்." நான் கையை வைத்துப் பார்த்தேன். சுட்டது. நீ சொன்னது பொய் இல்லை. அதனால்தான் உன்னை நிறுத்த யாராலும் முடியவில்லை.

முதலில் தகரக் குழாய்க்குள் ஒரு தகட்டை வளைத்துச் செருகி, பாதி வாயை அடைத்தாய். அடுத்து மேலே இருந்த ஜன்னலைப் பொலித்தீன் வைத்து டேப் ஒட்டி மூடினாய். அதன் பிறகு கதவுக்கு அடியில் பழைய போர்வையைச் சுருட்டி வைத்தாய். அறை சூடாக இருந்தால் தண்ணீரை அவ்வளவு சூடாக்க வேண்டியதில்லை என்று உன் கணக்கு. அது பலித்தது. சிலிண்டர் முன்னைவிட அதிக நாள் வந்தது. கடையில் பெருமையடித்தாய். சொந்தக்காரர் வீட்டுக்கெல்லாம் போய்ச் சொல்லிக் கொடுத்தாய். யாரும் அதைச் செய்யாமல் போனது அவர்களுடைய தலையெழுத்து நன்றாக இருந்ததால்.

சிலிண்டர் மிச்சமாகியது, வீடு கெட்டது. அவள் குளிக்கப் போனால் நீ கதவுக்கு வெளியே காவல் நிற்பாய். கொஞ்ச நேரத்தில் தட்டுவாய். "போதும், நிப்பாட்டு. சவுக்காரம் போடும்போது தண்ணிய மூடுறியா இல்லியா?" ஒரு டீச்சர், பிள்ளைகளுக்கு நேரம் காட்டி மணி அடிக்கிறவள், தன் வீட்டுக் குளியலறையில் திருடியைப் போல அவசரமாகத் தலை துவட்டிக்கொண்டு வருவாள். அவளுக்கு அந்த நாட்களில் ஓயாத தலைவலி. பஸ்ஸில் ஏறினால் வாந்தி. நான், விசேஷமோ என்று சந்தோஷப்பட்டேன். நீ, "தலைய ஈரத்தோட கட்டுறா, அதான்" என்றாய். அவள் என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "பள்ளிக்கூடத்துக்குப் போயி ரெண்டு பாடம் முடிஞ்சா சரியாப் போயிருது அத்த. லீவு நாள்லதான் நாள் பூரா இடிக்குது."

அந்தத் தீபாவளிக் காலையை நீ மறந்திருக்க மாட்டாய். மறந்திருந்தால் நான் ஞாபகப்படுத்துகிறேன், இதற்காகத்தான் பேனாவை எடுத்தேன். நான் முதல் நாளே வந்துவிட்டேன். எனக்கு வெந்நீர் பின்பக்கத்து அடுப்பில். உங்கள் இருவருக்கும் உள்ளே. எண்ணெய் வைத்து நீ முதலில் குளித்தாய், நன்றாக நேரமெடுத்துக் குளித்தாய். வெளியே வரும்போது கதவைப் பாதிதான் திறந்தாய். "சீக்கிரம் உள்ள போ, சூட்ட வெளிய விட்டுறாத. என் சூட்டுலயே உனக்குப் பாதி வேல முடிஞ்சுரும்" என்று சொல்லி அவளை உள்ளே தள்ளாத குறையாக அனுப்பினாய். நீ நிரப்பி வைத்திருந்த அந்தக் காற்றுக்குள் அவள் தலைமுடியில் எண்ணெயோடு போனாள். நீண்ட முடி. எண்ணெய் போக நேரமாகும் என்று உனக்கும் தெரியும்.

ஹீட்டர் இரைந்துகொண்டே இருந்தது. நான் பலகாரத் தட்டை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். நீ தட்டினாய். "இன்னும் எவ்வளவு நேரம்?" பதில் இல்லை. மறுபடி தட்டினாய். பதில் இல்லை. "என்னான்னு பாருப்பா" என்றேன். "முந்தாநாள் திட்டுனதுக்குக் கோவமாம். வேணும்னே தொறந்து விட்டிருக்கா. நடிக்கிறாம்மா" என்றாய். அதற்குப் பிறகு நீ செய்தது இதுதான்: ஒரு வடையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு வெளியே போய், சிலிண்டரைத் திருகி மூடினாய். திரும்பி வந்து, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாய்: "பச்சத் தண்ணி தலையில விழுந்தா தானா வருவா பாருங்க."

பச்சைத் தண்ணீர் விழுந்தது. அவள் வரவில்லை. அப்போதுதான் உன் முகம் மாறியது. நீ தோளால் மோதிக் கதவை உடைத்தாய். கதவுக்கு அடியில் நீ திணிக்கச் சொன்ன போர்வை தடுத்ததால் உடைந்த கதவும் திறக்க மாட்டேன் என்றது. உள்ளே அவள் சுவரில் சாய்ந்து கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். ஐஸ் தண்ணீர் தலையில் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு நடுக்கம்கூட இல்லை. நான் சேலையைச் சுற்றினேன். நீ தூக்கினாய். பக்கத்து வீட்டுக்காரர் த்ரீவீலைக் கொண்டுவந்தார். அவர் வண்டியைத் திருப்புவதற்குள் நீ ஒரு வேலை செய்தாய். அவளை என் மடியில் போட்டுவிட்டு, "சாவிய மறந்துட்டேன்" என்று உள்ளே ஓடினாய். பின்வாசலும் திறந்திருந்ததால் நீ பின்சுவரில் நின்றது வண்டியிலிருந்தே எனக்குத் தெரிந்தது. நீ ஜன்னல் பொலித்தீனைக் கிழித்துக்கொண்டிருந்தாய். தகரக் குழாய்க்குள் கையை விட்டு அந்தத் தகட்டை இழுத்தெடுத்துத் பின்னால் தேயிலைச் செடிகளுக்குள் வீசினாய். பெண்டாட்டி மூச்சுவிடுகிறாளா என்று தெரியாத நேரத்தில் உனக்கு அந்தப் புத்தி வேலை செய்தது. என் வயிற்றில் பிறந்த பிள்ளை என்று நான் வெட்கப்பட்டது அந்த இடத்தில்தான். வடை தின்றதற்கு இல்லை.

டாக்டர் ஒரு பொம்பளைப் பிள்ளை. நல்ல பொறுமைசாலி. உனக்கும் எனக்கும் சேர்த்துத்தான் சொன்னார். எரிகிற இடத்தில் காற்றுப் போதாவிட்டால் ஒரு விஷப்புகை உண்டாகும், அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை, மூளைக்குப் போகிற உயிர்க்காற்றை அது பிடித்து வைத்துக்கொள்ளும் என்றார். "இன்னும் கொஞ்ச நேரம் அது எரிஞ்சிருந்தா நீங்க கூட்டிட்டு வந்திருக்கவே தேவையில்ல. நல்ல வேள, நேரத்துக்கு காஸ மூடியிருக்கீங்க" என்றார். நீ தலையைக் குனிந்துகொண்டாய். அந்த நிமிஷத்தில் உண்மையாகவே அழுதாய், நான் பார்த்தேன். ஆனால் ஊருக்கு வந்ததும் அந்த வார்த்தையைப் பதக்கம் மாதிரி மாட்டிக்கொண்டாய். "நான்தான் காஸ மூடிக் காப்பாத்துனேன்." பொய் இல்லை. அவளைத் தண்டிக்கப் போன கைதான் அவளைக் காப்பாற்றியது. உன் வாழ்க்கையில் நீ அவளுக்குச் செய்த பெரிய நன்மையும் கோபத்தில் செய்ததுதான்.

அவள் எழுந்து வீட்டுக்கு வந்தாள். பேசினாள், சிரித்தாள், பரீட்சைத் தாள் திருத்தினாள். நாம் எல்லாம் முடிந்தது என்று நினைத்தோம். சில வாரம் கழித்துத்தான் தொடங்கியது. ஒருநாள் தேத்தண்ணீரில் உப்பைப் போட்டாள். இன்னொரு நாள் பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் லுணுகலை வரைக்கும் போய், அங்கே கடை வாசலில் உட்கார்ந்திருந்தாள். அதன் பிறகு வகுப்பில், கையில் சோக்கோடு கரும்பலகைக்கு முன்னால் நின்றவள் நின்றபடியே நின்றாள். பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு பயந்துபோய்ப் பள்ளிக்கூட அதிபரைக் கூப்பிட்டார்கள். எழுத்து வரவில்லை. கை நடுங்கியது. சேலையிலேயே சிறுநீர் போனது அவளுக்குத் தெரியவில்லை. மறுபடி அதே டாக்டரிடம் போனோம். சிலருக்கு இப்படி நன்றாகி வந்த பிறகுதான் மூளை பழுதாகும், அது அந்தப் புகையின் வேலைதான் என்று அவர் தெளிவாகச் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். ஆனால் நீ வீட்டுக்கு வந்து உன் கூட்டாளியிடம் போனில் சொன்னதையும் நான் பக்கத்தில் நின்றுதான் கேட்டேன்: "ஆஸ்பத்திரியிலருந்து நல்லாத்தான்டா வந்தா. இது அவங்க பரம்பர வியாதி. அவ அம்மாவுக்கும் இருந்துச்சாம்." அவளுடைய அம்மா நெஞ்சுவலியில் செத்தவள். உயிரோடு இருந்திருந்தால் உன் வாயைக் கிழித்திருப்பாள்.

ஒரு வருஷம் போல நீ அவளைப் பார்த்தாய். இதையும் மறைக்க மாட்டேன். ஊட்டினாய், கழுவினாய், தூக்கிப் படுக்க வைத்தாய். உன் கன்னம் ஒட்டிப்போனது. அதன் பிறகு ஒருநாள், "பசறைப் பக்கம் காத்து நல்லாருக்கும்மா, கொஞ்ச நாள் உங்களோட இருக்கட்டும்" என்றாய். எனக்கும் அது சரியென்று பட்டது. அவளுடைய துணியை ஒரு பையில் கட்டிக்கொண்டு, வளைந்து வளைந்து போகிற பஸ்ஸில் அவள் வாயைத் துடைத்துத் துடைத்து என் லயத்து வீட்டுக்குக் கூட்டிவந்தேன். நீ வாசலில் நின்று கை காட்டினாய். அந்தப் பயணத்தை நீ என்னவாகச் சொன்னாய் என்று எனக்கு நெடுநாள் தெரியாது. மனைவி உன்னை விட்டுப் போய்விட்டாள் என்று விவாகரத்து வழக்குப் போட்டிருக்கிறாய். நான் கடைக்குப் போயிருந்த நேரம் நீதிமன்றத்து ஆள் வந்து நீட்டியதை அவளே வாங்கிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள். 'அ' எழுத வராதவளுக்குக் கையெழுத்து மட்டும் கையில் தங்கியிருந்தது. வழக்கன்று அவள் பக்கம் யாரும் போகவில்லை. யாருக்குத் தெரியும் போவதற்கு? அவளுடைய அண்ணன் வெளிநாட்டில், கட்டாரில். விட்டுப் போனவளாகத் தீர்ப்பாகி, நீ சுதந்திர மனிதனாகிவிட்டாய். அவளை உன் வீட்டை விட்டுப் போகச் செய்தவள் நான், என் கையால், நான் ஏற்றிய பஸ்ஸில். அப்படி என்னையும் உனக்குச் சாட்சியாக்கிக்கொண்டாய். நீ கெட்டிக்காரன்.

அவள் எப்படி இருக்கிறாள் என்று நீ ஒரு தடவையும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். காலையில் வாசலில் உட்கார வைத்தால் தன் வகுப்புப் பிள்ளைகளின் பெயரை வரிசையாகக் கூப்பிடுகிறாள். எழுத்து போனது, பெயர் போகவில்லை. இந்த லயத்தில் அவளிடம் படித்த பையன் ஒருவன் இருக்கிறான், இப்போது மீசை முளைத்துவிட்டது. காலையில் வேலைக்குப் பேர் பதிகிற பெரட்டுக்குப் போகிற வழியில் தன் பெயர் கேட்டால் நின்று, "வந்திருக்கேன் டீச்சர்" என்று சொல்லிவிட்டுத்தான் போகிறான். நான் அடுப்பில் வெந்நீர் வைத்து அவளைக் குளிப்பாட்டுகிறேன். இரண்டு செம்பு ஊற்றியதும் கையைக் கூப்புகிறாள். "போதும் அத்த, போதும். அவரு ஏசுவாரு." காஸும் இல்லை, ஹீட்டரும் இல்லை, நீயும் இல்லை. அவள் மூளையில் உன்னைப் பற்றி மிச்சமிருப்பது அவ்வளவுதான். உன் முகத்தைப் போனில் காட்டினேன். யார் என்று கேட்டாள்.

இனி உனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். உனக்குக் காஸ் மிச்சமாக வேண்டும். ஆகட்டும். அதற்கு வழி இருக்கிறது, நான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஹீட்டரைக் குளியலறைக்குள் வைக்காதே. வெளிச்சுவரில், மழை படாமல் கூரை போட்டு வை. தண்ணீர்க் குழாய் குட்டையாக இருக்கட்டும். நீளக் குழாயில்தான் சூடு செத்துப்போகிறது. அந்தக் குழாய்க்கு மேல் ஸ்பொஞ்ச் சுற்று. உன் கடையிலேயே விற்கிறாயே, உன் வீட்டில் ஏன் சுற்றவில்லை? கொதிக்கக் கொதிக்க வைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீர் கலப்பதை விட்டு, தேவையான சூட்டில் திருகி வை. வருஷத்துக்கு ஒரு தடவை ஆள் கூப்பிட்டுத் தூசியும் உப்பும் தட்டிச் சுத்தம் செய். தீ நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்தால் நிறுத்து, அது கெட்டுப்போன தீ. போகிற புகையைப் போக விடு. அதன் சூட்டைப் பார்த்து வயிறு எரியாதே. அது உன் வீட்டை விட்டுப் போவதற்கு நீ கொடுக்கிற கூலி. வருகிற காற்றை வர விடு. ஷவரில் நிற்கிறவளைக் கதவைத் தட்டி விரட்டாதே. தட்டிப் பதில் வராவிட்டால் வடை தின்னாதே. இவ்வளவுதான். இதில் ஒன்றும் உனக்குத் தெரியாதது இல்லை. தெரிந்துதான் ஒருத்தியைக் கெடுத்தாய் என்பதால் எழுதி வைக்கிறேன்.

உனக்காக எழுதுகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ போன் பண்ணிய மறுநாளே, வாணியைப் பக்கத்துக் காம்பரா வீட்டு மேரியிடம் விட்டுவிட்டு நான் லுணுகலைக்குப் போனேன். பெண் துணிக்கடையில் வேலை செய்கிறாள் என்று நீதானே சொன்னாய். இரண்டு கடை ஏறி இறங்கிக் கண்டுபிடித்தேன். தர்ஷினி. உன்னைவிட அதிகம் சின்னவள் இல்லை. முப்பது தாண்டிய முகம், அமைதியான கண். நான் யார் என்று சொன்னதும் காலைத் தொட்டுக் கும்பிட வந்தாள், தடுத்தேன். முதலாளியிடம் சொல்லிவிட்டு என்னைக் கடைக்குப் பின்னால் பொட்டலங்கள் அடுக்கிய இடத்துக்குக் கூட்டிப் போய் ஒரு ஸ்டூலைப் போட்டாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தகரக் குழாய், பொலித்தீன், போர்வை, வடை, தேயிலைக்குள் விழுந்த தகடு, கையெழுத்து. ஒன்றையும் விடவில்லை. அவள் மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

முடித்ததும், "பரம்பர வியாதின்னு சொன்னாரு" என்றாள்.

"ஆமா, அப்படித்தான் எல்லாருக்கும் சொல்றான்."

"அந்த அக்கா பேரு என்னங்க அத்த? அவரு பேரே சொல்லல."

"வாணி."

அவள் அந்தப் பெயரை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு எழுந்து போய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். நான், "பொண்ணே, நான் உன்னக் கும்பிட்டுக் கேக்குறேன். உங்கப்பாகிட்ட வேணாம்னு சொல்லு. நானே வந்து சொல்றேன், பழி என் மேல இருக்கட்டும்" என்றேன்.

அவள் கொஞ்சம் சிரித்தாள். அந்தச் சிரிப்பை உனக்கு எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை. "வேணாம்னு சொன்னா, எங்கப்பா அடுத்த மாசமே இன்னொருத்தரக் கூட்டிட்டு வருவாரு அத்த. எனக்குப் பின்னாடி ரெண்டு தங்கச்சி நிக்கிது. வாரவரு வீட்டுல என்னயக் கொல்லப் போறது எதுன்னு யாரு வந்து சொல்லுவா? இவரு வீட்டுல எதுன்னு நீங்க சொல்லிட்டீங்க. தெரிஞ்ச எடத்துக்கே போறேன்."

இத்தனை வருஷம் எத்தனையோ பெண்பிள்ளைகளைக் குளிப்பாட்டித் தூங்க வைத்து வளர்த்து அனுப்பியிருக்கிறேன். அவர்களெல்லாம் இப்படி ஒரு கணக்குப் போட்டுத்தான் கல்யாணத்துக்குப் போனார்களா என்று நினைத்தேன். நினைத்து, அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அழுதேன். அவள் அழவில்லை. என் முந்தானையை எடுத்து என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

ஆகவே மகனே, நீ நினைத்தபடி உன் கல்யாணம் நடக்கும். உன்னை நம்பி ஒருத்தி வருகிறாள் என்று நீ தலைப்பாகையோடு நிமிர்ந்து உட்காரலாம். உன்னை நம்பி அவள் வரவில்லை. உன்னைத் தெரிந்து வருகிறாள். நீ அவளைப் பார்த்துச் சிரிக்கும்போதெல்லாம் அவள் உன் தலைக்கு மேலே ஜன்னலைப் பார்ப்பாள். நீ கதவைத் தட்டினால் உள்ளே இருந்து உடனே பதில் வரும், அன்பினால் இல்லை. இப்படியே நீங்கள் இருவரும் கிழவன் கிழவியாகலாம். உனக்கு நான் கொடுக்கக்கூடிய சாபம் இதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை, இதை நான் கொடுக்கவும் இல்லை. நீயே தேடிக்கொண்டது.

கிளம்பும்போது பஸ் தரிப்பிடம் வரைக்கும் அவள் என்னோடு வந்தாள். மழை தூறியது. தன் குடையை என் பக்கமே சாய்த்துப் பிடித்தாள். பஸ் வந்து நான் ஏறக் காலை வைத்த பிறகுதான் கேட்டாள்: "எனக்கு அம்மா இல்லங்க அத்த. கல்யாணத்தன்னைக்கி நீங்க எங்க பக்கத்துல வந்து நிப்பீங்களா?"

நிற்பேன் என்று சொல்லிவிட்டேன். வாணியைக் கூட்டிவர மாட்டேன், பயப்படாதே. அவளை உன் கண் படுகிற இடத்தில் வைக்க எனக்கு மனமில்லை. நான் மட்டும் லுணுகலைக்காரர்களோடு அவர்கள் வேனில் வந்து இறங்குவேன். மணவறையில் உன் பக்கத்தில் தாய் நிற்க வேண்டிய இடத்தில் யாரை வேண்டுமானாலும் நிறுத்திக்கொள். வாசலில் என்னைக் கண்டால், பெண் வீட்டாரை வரவேற்கிற மாதிரி, "வாங்க" என்று மரியாதையாகச் சொல். நானும் மாப்பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, அவளோடு உள்ளே போய்விடுவேன்.